அயர்லாந்து மெட்டுகளும் கேள்வி ஞானமும்

‘வந்தே மீனாக்ஷி’ என்ற நோட்டுஸ்வரம் நம் வீட்டுக் குழந்தைகள் பலருக்குத் தெரிந்திருக்கும். வாய்ப்பாட்டோ வயலினோ, ஆரம்பப் பாடங்கள் முடிந்த கையோடு பல பாட்டு டீச்சர்கள் சொல்லிக்கொடுக்கும் உருப்படி அது. அதன் மெட்டு நம் ஊரில் பிறந்ததல்ல. அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் மாலோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்னும் நாட்டு மெட்டுதான் அது. ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் வாசித்த மேனாட்டு மெட்டுகளைக் காதால் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்யம் அமைத்தார் முத்துஸ்வாமி தீக்ஷிதர். அப்படி ஏறக்குறைய நாற்பது உருப்படிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று இது.

காதால் கேட்டே ஒரு மெட்டைப் பிடித்துக்கொள்வதை நாம் கேள்வி ஞானம் என்கிறோம். அயர்லாந்தின் நாட்டு இசை முழுவதுமே இந்தக் கேள்வி ஞானத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அங்கே போகும்வரை எனக்குத் தெரியாது. மகன் கார்க் நகரில் வேலையாக இருக்கிறான். 2009-ல் நானும் என் கணவரும் ஆறு மாதம் அங்கே தங்கியிருந்தோம். சிறு வயதில் கரோல் பாகில் ஒரு மாமியிடம் வர்ணம் வரை வயலின் கற்றவள் நான் என்பதால், “அம்மா, உனக்குப் பிடிக்கும், வா” என்று ஒரு நாள் மாலை என்னை ஒரு மதுக்கடைக்கு அழைத்துப்போனான். மதுக்கடையா என்று திகைக்க வேண்டாம். அங்கே அது குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் இடம். நான் ஆரஞ்சு ஜூஸோடு ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். இரண்டு பிடில், ஒரு மரப் புல்லாங்குழல், ஒரு கான்செர்டினா, ஒரு பான்ஜோ. மேடை இல்லை, மைக் இல்லை, எதிரே காகிதமும் இல்லை. ஒருவர் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒரு மெட்டு முடியும் இடத்திலேயே மூச்சு விடாமல் அடுத்ததற்குத் தாவினார்கள். பிடில் வாசித்த பெரியவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவருக்கு ஐந்நூறு மெட்டுக்கு மேல் தெரியுமாம். மேனாட்டு ஸ்வரக் குறிப்பு ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாதாம். எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். பாதி பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து, பாதி கிராமபோனிலிருந்து என்றார்.

அந்தக் கிராமபோன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியூரில் பிழைக்க வந்த நமக்கு அதில் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது.

இந்த மெட்டுகளைப் பெருமளவில் திரட்டிய புத்தகம் அயர்லாந்தில் அச்சாகவில்லை, அமெரிக்காவின் சிகாகோவில் அச்சானது. கார்க் மாவட்டத்தில் 1848-ல் பிறந்த பிரான்சிஸ் ஓநீல் இளம் வயதில் கப்பலேறினார். உலகம் சுற்றிவிட்டு, கடைசியில் சிகாகோ போலீசில் சேர்ந்தார். 1901 முதல் 1905 வரை அந்த நகரத்தின் போலீஸ் தலைவரே அவர்தான். பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்கள் சிகாகோவில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். யாருக்கு என்ன மெட்டு தெரியும் என்று தேடித் தேடிக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார் ஓநீல். அவருக்குச் சரளமாக எழுத வராது. அதனால் அதே போலீசில் இருந்த ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொருவரிடம் வாசித்துக் காட்டி எழுதச் செய்தார். 1903-ல் வந்த புத்தகத்தில் 1850 மெட்டுகள். 1907-ல் நடன மெட்டுகள் மட்டும் 1001 கொண்ட இன்னொன்று. அயர்லாந்து இசைக்காரர்களிடையே வெகுகாலம் ‘புத்தகம்’ என்றாலே இந்த இரண்டாவதுதான்.

ஆனால் புத்தகத்தில் இருப்பது எலும்புதான். சதையும் ரத்தமும் வாசிப்பவரின் விரலிலும் வில்லிலும் இருக்கின்றன. அதைக் காதுக்குக் கொண்டுவந்தது இசைத்தட்டு.

வடமேற்கு அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் 1891-ல் பிறந்த மைக்கேல் கோல்மன் 1914-ல் அமெரிக்கா போனார். 1921 முதல் 1936 வரை நியூயார்க்கில் அவர் வாசித்த பிடில், நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகளில் பதிவாயிற்று. அங்கே குடியேறிய அயர்லாந்துக்காரர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். வாங்கியதோடு நிற்காமல் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அனுப்பிவைத்தார்கள். கிராமத்தில் யார் வீட்டில் கிராமபோன் இருக்கிறதோ அங்கே ஊரே கூடிக் கேட்டது. மகன் அனுப்பிய தட்டைக் கேட்டு அப்பா புது மெட்டு பழகினார். ஊரிலிருந்து போன இசை கடல் தாண்டித் திரும்பி வந்து ஊருக்கே பாடம் நடத்தியது.

கோல்மன் 1934-ல் ஒரு தட்டில் மூன்று மெட்டுகளைத் தொடுத்து வாசித்தார்: டார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், ஸெய்லர்ஸ் பானட். மூன்றுக்கும் பிறவியில் எந்தச் சம்பந்தமும் இல்லை. தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் இடம் இருக்கும், அதற்குள் அடங்கும்படி அவர் கோர்த்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கும் ஒருவர் டார்போல்டன் ஆரம்பித்தால் அடுத்து இன்னது, அதற்கடுத்து இன்னது என்று எல்லோர் கையும் தானே போகிறது. ஒரு தட்டின் நீளம் ஒரு தேசத்தின் வழக்கமாகிவிட்டது.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. அயர்லாந்து நம் ஒரு மாநில அளவுகூட இல்லாத தேசம். ஆனாலும் மாவட்டத்துக்கு மாவட்டம் வாசிப்பு மாறும். வடக்கே டோனிகாலில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி வில் போட்டு வெட்டி வெட்டி வாசிப்பார்கள். ஸ்காட்லாந்தின் சாயல் அதில் தெரியும். தெற்கே கார்க், கெர்ரி எல்லையில் ஸ்லீவ் லூக்ரா என்ற மலைப்பிரதேசத்தில் போல்கா என்னும் துள்ளல் மெட்டுகள் அதிகம். கோல்மன் தட்டின் புகழ் பரவியபோது, தாத்தா வாசித்தது பட்டிக்காட்டு வாசிப்பு, தட்டில் வருவதுதான் சரி என்று பலர் தங்கள் ஊர்ப் பாணியைக் கைவிட்டார்கள். கோல்மன் மகா வித்வான். தவறு அவருடையதல்ல. ஒரே குரல் எல்லா வீட்டிலும் ஒலித்தால் மற்றக் குரல்கள் கூச்சப்படத்தான் செய்யும். நம் பக்கத்திலும் கேஸட் வந்த பிறகு ஒரே பாடாந்தரம் ஊரெல்லாம் பரவிய கதை பலருக்கு நினைவிருக்கும்.

பிற்பாடு அதே ஒலிப்பதிவு இயந்திரம்தான் மற்றப் பாணிகளையும் காப்பாற்றியது என்பது வேடிக்கை. ஷேமஸ் எனிஸ் என்னும் இசைக்காரர் 1940-களில் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய் மெட்டுகளைக் கேட்டு எழுதினார். பிறகு வானொலிக்காக ஒலிப்பதிவும் செய்தார். ஸ்லீவ் லூக்ராவில் பாட்ரிக் ஓகீஃப் என்று ஒரு பிடில் வாத்தியார் இருந்தார். பள்ளி ஆசிரியர் வேலை போன பிறகு, வீடு வீடாக நடந்து பிடில் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவர். மாணவர்களுக்காகத் தாமே ஒரு குறிப்பு முறையும் வகுத்தார். கோடுகளுக்கு இடையே உள்ள நான்கு இடைவெளிகள் நான்கு தந்திகள், அவற்றில் எழுதும் எண் விரலைக் குறிக்கும். அவரையும் அவருடைய சீடர்களான டெனிஸ் மர்ஃபி, ஜூலியா கிளிஃபோர்ட் என்ற அண்ணன் தங்கையையும் 1952-ல் எனிஸ் பதிவு செய்தார். ‘கெர்ரி ஃபிடில்ஸ்’ என்ற பெயரில் அது பின்னர் இசைத்தட்டாக வந்தது. இன்று கேட்டாலும் தரையில் கால் தட்டும் சத்தத்தோடு ஒரு முழு ஊரே காதில் விழுகிறது.

இனி, கேட்டுப் பழகுவது எப்படி என்பதற்கு வருகிறேன். என் பேத்தி கார்க்கில் பள்ளிக்கூடத்தில் டின் விஸில் கற்றாள். ஆறு துளை உள்ள சின்னக் குழல் அது. அங்கே பல ஆரம்பப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு அதைத்தான் முதலில் கையில் கொடுக்கிறார்கள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், எனக்கு அவளுடைய ஆங்கில உச்சரிப்பு பாதிதான் புரியும். தொலைபேசியில் “சாப்டியா?”, “சாப்டேன் பாட்டி” என்பதற்குமேல் பேச்சு நகராது. அவள் பழகும் மெட்டுகளை நானும் பழகினால் என்ன என்று தோன்றியது. தில்லியில் எனக்கு அயர்லாந்து வாத்தியார் யாரும் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவுகள்தான் குரு.

முதலில் மெட்டின் அமைப்பு. பெரும்பாலான நடன மெட்டுகளுக்கு இரண்டு பகுதி. ஒவ்வொன்றும் எட்டு ஆவர்த்தம், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். ஆக ஒரு சுற்று 32 ஆவர்த்தம். வேகமாக வாசித்தால் அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும், அவ்வளவுதான். மனப்பாடம் செய்ய வேண்டியது 16 ஆவர்த்தம். அதிலும் பல துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். தாளம் நமக்குக் கஷ்டமே இல்லை. ஜிக் என்றால் ‘தகிட தகிட’. ஸ்லிப் ஜிக் என்றால் மூன்று தகிட. ரீல் என்றால் ‘தகதிமி தகதிமி’. இதைக் கையில் போட்டுக்கொண்டே கேட்டால் ஒரு ராத்திரியில் எது என்ன வகை என்று பிடிபட்டுவிடும். ஸ்வர ஸ்தானங்களும் பழகியவைதான். நிறைய மெட்டுகள் சங்கராபரண ஸ்வரங்களில் இருக்கும். ஹரிகாம்போதி, கரஹரப்ரியா ஸ்வரங்களிலும் ஏராளம். ராகம் என்று சொல்லவில்லை, ஸ்வரங்களை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தது சுருதி. நம் வயலினில் தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். அவர்களுடையதில் ஒவ்வொரு தந்திக்கும் அடுத்தது பஞ்சமம். ஆகவே தந்திகளை மாற்றிக் கூட்டாமல் விரல் வராது. ஒரே வயலினை நாளைக்கு இரண்டு தரம் முறுக்கினால் தந்தி அறுந்துபோகும். நான் ஒரு பழைய வயலினை இதற்கென்றே தனியாக வைத்திருக்கிறேன். உட்காரும் விதத்தை மாற்றவில்லை. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து தோளில் சார்த்துவார்கள், நான் தரையில் அமர்ந்து காலில்தான் சார்த்துகிறேன். இரண்டிலும் வில் ஒன்றுதானே!

பழைய 78 சுற்றுத் தட்டிலிருந்து எடுத்த பதிவாக இருந்தால் சுருதி எந்தக் கட்டையிலும் சரியாகச் சேராமல் நடுவில் நிற்கலாம். அந்தக் காலத்தில் இயந்திரங்களின் வேகம் ஒரே சீராக இருக்கவில்லை. பதிவை மாற்ற முயலாமல் நம் தந்தியை அதற்கு ஏற்றபடி கூட்டிக்கொள்வது சுலபம். கூடவே வரும் பியானோவைக் காதில் வாங்காதீர்கள். அந்தத் தட்டுகள் சிலவற்றில் பியானோக்காரர் எந்த மெட்டுக்கு வாசிக்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

ஒரு மெட்டைத் தேர்ந்தெடுத்தபின் பத்து நாள் வயலினைத் தொடாமல் கேட்பது என் வழக்கம். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது அது ஓடிக்கொண்டே இருக்கும். என் கணவர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார், போகட்டும். பத்தாம் நாள் பால் காய்ச்சும்போது நாம் அறியாமலே அதை முணுமுணுப்போம். அப்போதுதான் அது உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அயர்லாந்திலும் இதற்கு ஒரு கலை உண்டு. பிடில் இல்லாத வீட்டில் நடனமாட வேண்டுமானால், பொருளில்லாத அசைகளால் ஒருவர் மெட்டை வாயால் பாடுவார். லில்டிங் என்று பெயர். நம் கொன்னக்கோலுக்குத் தூரத்து உறவு, ஆனால் மெட்டோடு சேர்ந்தது. ஆண்டுதோறும் நடக்கும் ஃப்ளா க்யோல் என்ற பெரிய இசை விழாவில் லில்டிங்குக்கென்றே போட்டி உண்டு. வாயில் வந்த மெட்டு கையில் வந்துவிடும். வாயில் வராததைக் கையில் கொண்டுவர எனக்கு வழி தெரியவில்லை.

பிறகுதான் வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும். பழைய ரிக்கார்ட் பிளேயர்களில் 16, 33, 45, 78 என்று ஒரு திருகு இருந்தது நினைவிருக்கிறதா? அந்த 16 எதற்கு என்று நம்மில் பலருக்குத் தெரியாது. 33 சுற்றுத் தட்டை 16-ல் ஓட்டினால் பாதி வேகம், ஸ்வரங்கள் சரியாக ஒரு ஸ்தாயி கீழே போகும். ஸ்வரம் மாறாது, ஸ்தாயி மட்டும் இறங்கும். அதனால் கூடவே வாசிக்கலாம். ஸ்பூல் டேப் ரிக்கார்டரிலும் இதே தந்திரம் உண்டு. இசை கற்றவர்கள் பலர் இப்படித்தான் வித்வான்களின் விரலைத் துருவிப் பார்த்தார்கள். இப்போது சுருதி இறங்காமலே வேகத்தைக் குறைக்கும் வசதி கைபேசியிலேயே வந்துவிட்டது. யூடியூபிலும் இருக்கிறது.

அப்படிக் குறைத்துக் கேட்கும்போது ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். வேகத்தில் ஒரு சிறு சிலிர்ப்பாகக் கேட்டது பிரிந்து ஐந்து ஸ்வரமாகத் தெரியும்: மூல ஸ்வரம், மேலே ஒரு தொடுகை, மறுபடி மூல ஸ்வரம், கீழே ஒரு தட்டு, மறுபடி மூல ஸ்வரம். ரோல் என்பார்கள். கமகம் வாசித்துப் பழகிய நம் விரல் உடனே அதை இழைத்துவிடப் பார்க்கும். அது கூடாது. மேலே தொடுவதும் கீழே தட்டுவதும் ஸ்வரமாகவே காதில் விழக் கூடாது, மிருதங்கத்தில் ஒரு சொல் விழுந்ததுபோல ‘டக்’கென்று வெட்ட வேண்டும். ஜண்டை வரிசையில் இரண்டாவது ஸ்வரத்தை அழுத்துகிறோமே, ஸ்புரிதம், அது ஓரளவு பக்கம் வரும். அசைவு நமக்கு ஸ்வரத்தின் உயிர், அவர்களுக்குத் தாளத்தின் உயிர். எனக்கு இது விரலில் ஏற எட்டு மாதம் பிடித்தது.

பாதி வேகத்திலேயே குடியிருக்கவும் கூடாது. நடன மெட்டின் துள்ளல் அந்த வேகத்தில் செத்துவிடும். ஸ்வரங்களைப் பிடித்ததும் முக்கால் வேகம், பிறகு முழு வேகம் என்று ஏற்றிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது ஒன்று. ஒரே பதிவோடு நிற்கக் கூடாது. நல்ல வாசிப்பாளர் மூன்று சுற்று வாசித்தால் மூன்றும் ஒன்றாக இராது. இரண்டாம் சுற்றில் ஒரு திருப்பம், மூன்றாவதில் ஒரு சிறு மாற்றம். முதல் சுற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் மெட்டு கிடைக்கும், மனோதர்மம் கிடைக்காது. அதே மெட்டை வேறு ஊர்க்காரர் வாசித்ததையும் தேடிக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லோரும் ஒன்றுபோல் வாசிக்கிறார்களோ அதுதான் மெட்டின் எலும்பு. எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே நமக்கும் இடம் உண்டு. நான் ‘கெஷ்’ என்ற ஜிக்கை இப்படித்தான் பழகினேன். 1975-ல் வெளிவந்த போதி பேண்டு என்ற குழுவின் முதல் தட்டு அந்த மெட்டோடுதான் ஆரம்பிக்கிறது. கேட்க ஆனந்தம், ஆனால் கற்றுக்கொள்ள ஏற்றதல்ல. நாலைந்து வாத்தியம் சேர்ந்து காற்றாய்ப் பறக்கும்போது எதைப் பிடிப்பது? தனியாக ஒருவர் நிதானமாக வாசித்த பதிவுகளில் எலும்பைப் பிடித்துக்கொண்டு, பிறகு அந்தத் தட்டுக்குத் திரும்பினால் அவர்கள் எங்கே விளையாடுகிறார்கள் என்று புரிகிறது.

பேத்தியும் நானும் வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்க முயன்றோம். குரல் வந்து சேர அரை நொடி தாமதமாவதால் தாளம் நிற்கவில்லை. இப்போது அவள் ஒரு சுற்று வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறாள், நான் கேட்டுப் பழகி ஒரு சுற்று அனுப்புகிறேன். இரண்டாம் பகுதியில் ஓர் இடத்தை அவள் மாற்றி வாசித்திருந்தாள். அவளுடைய டீச்சரின் ஊர் வழக்கமாம். நான் கோல்மன் வழியிலேயே நிற்கிறேன். இதைப் பற்றி இரண்டு பேருக்கும் அரைத் தமிழிலும் அரை ஆங்கிலத்திலுமாக வாரம் ஒரு சண்டை.

முயன்று பார்க்க விரும்பும் அன்பர்கள் ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’விலேயே தொடங்கலாம். பாதி ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. பதிவுகளுக்கு, டப்ளினில் 1987-ல் தொடங்கப்பட்ட ஐரிஷ் பாரம்பரிய இசை ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பழைய ஒலிப்பதிவுகளை இலவசமாகவே கேட்கலாம். நேரில் போக வாய்க்கிறவர்களுக்கு, கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் 1973-ல் தொடங்கிய வில்லி கிளான்ஸி கோடைப் பள்ளி ஜூலை மாதத்தில் கூடுகிறது. மதுக்கடைக் கச்சேரியில் பதிவு செய்வதானால் முதலில் வாசிப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், கேட்காமல் கருவியை நீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

பெயரைக் கேட்டு மட்டும் குழம்ப வேண்டாம். ஒரே மெட்டுக்கு மூன்று ஊரில் மூன்று பெயர் இருக்கும், ஒரே பெயரில் இரண்டு மெட்டு இருக்கும், தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் வேறொன்று இருக்கும். யாரிடமிருந்து கற்றாரோ அவர் பெயரையே மெட்டுக்கு வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஒன்றுமே தெரியாவிட்டால் ‘கான் அனிம்’ என்று எழுதிவைப்பார்கள். ஐரிஷ் மொழியில் ‘பெயர் இல்லாதது’ என்று பொருள். என் நோட்டில் இப்போது அப்படிப் பதினொன்று இருக்கின்றன.